பதறாத காரியம் சிதறாது
(லினக்ஸ் கணிப்பொறியில் நிரல் பெயர்ப்பும் பிழை நீக்கமும்)

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

முன்னுரை

பதறாத காரியம் சிதறாது என்பது நம் நாட்டுப் பழமொழி. அடுப்படியிலும் வயற்காட்டிலும் வழங்கும் இப்பழமொழி கணிப்பொறி அறைக்கும் பொருந்தும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கணிப்பொறியில் தாம் எழுதிய நிரலை முதன்முதலாக இயக்க முற்படும் மாணவிக்குத் திரையில் விடை வருவதில்லை. பிழைச் செய்திகள்தாம் வரிவரியாக வந்து விழும். அவை ஆங்கிலத்தில் இருக்கும். சிவப்பு எழுத்திலும் இருக்கும். அதைக் கண்டவுடன், “இது நமக்கு வராது” என்று எழுந்து போகிறவர்கள் பலர். பொதுத்தேர்வு முடிந்ததும் பதினோராம் வகுப்பில் எந்தப் பிரிவை எடுப்பது என்று முடிவு செய்ய வேண்டிய வயது எங்களுடையது. விடுபட்ட ஓர் அரைப்புள்ளிக்காக ஒரு பெண் தன் வருங்காலப் படிப்பையே மாற்றிக்கொள்ளலாமா? கூடாது என்பது எங்கள் துணிபு. அச்செய்திகளைப் படிக்கக் கற்றுக்கொண்டால், அவை நமக்கு உதவி செய்யவே வந்தவை என்பது விளங்கும்.

கம்பைலர் செய்யும் வேலை

கணிப்பொறிக்குத் தெரிந்தது ஒன்றும் சுழியுமான எந்திர மொழி மட்டுமே. நாம் எழுதுவதோ சி, சி++ போன்ற மொழிகளில். இம்மொழியை எந்திர மொழியாக மாற்றித் தரும் மென்பொருளுக்கு நிரல்பெயர்ப்பி என்று பெயர். கம்பைலர் என்றே பெரும்பாலும் வழங்குகிறோம். லினக்ஸ் இயக்க அமைப்பில் மிகுதியாகப் பயன்படும் கம்பைலர் ஜி.சி.சி. என்பதாகும்.

ஜி.சி.சி.யின் வேலை நான்கு கட்டங்களாக நடைபெறுகிறது. முதற்கட்டத்தில், நிரலின் தொடக்கத்தில் நாம் கேட்டிருக்கும் தலைப்புக் கோப்புகளைத் தேடிக் கொணர்ந்து சேர்க்கிறது. இரண்டாம் கட்டத்தில் சி மொழியை அசெம்பிளி மொழியாக மாற்றுகிறது. இலக்கணப் பிழைகள் இங்கேதான் அகப்படும். மூன்றாம் கட்டத்தில் அசெம்பிளி மொழி எந்திர மொழி ஆகிறது. நான்காம் கட்டத்தில், பிறர் எழுதி வைத்துள்ள நூலகங்களிலிருந்து வேண்டிய பகுதிகளை எடுத்து நம் நிரலோடு இணைக்கிறது. இதனை லிங்கிங் என்பர்.

நம் ஊரிலிருந்தே ஓர் உவமை கூறுவோம். சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி ஆகிய ஐந்து திசைப் பாதைகளும் கூடுமிடம் விழுப்புரம் சந்திப்பு. சென்னையிலிருந்து வர வேண்டிய வண்டி வந்து சேரவில்லை என்றால் நாம் என்ன கேட்கிறோம்? “திண்டிவனம் தாண்டிவிட்டதா? விக்கிரவாண்டி வந்துவிட்டதா?” என்றல்லவா கேட்கிறோம்? எங்கே நிற்கிறது என்று தெரிந்தால்தான் ஏன் நிற்கிறது என்று கேட்க முடியும். பிழை நீக்கத்திலும் முதற்கேள்வி இதுவே: நான்கு கட்டங்களில் எந்தக் கட்டத்தில் நிரல் நின்றது?

வந்த வரலாறு

யூனிக்ஸ் என்னும் இயக்க அமைப்பு 1969ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ஸன், டென்னிஸ் ரிச்சி ஆகியோரின் முயற்சியால் உருவாயிற்று. சி மொழியை ஆக்கியவர் டென்னிஸ் ரிச்சியே. யூனிக்ஸைப் போன்றதோர் அமைப்பை, எவரும் பயன்படுத்தவும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமையுள்ளதாகச் செய்ய வேண்டும் என்று ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் குனு திட்டத்தை அறிவித்தார். அத்திட்டத்தின் பிள்ளையே ஜி.சி.சி.; 1987இல் வெளிவந்தது. 1991இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் 21 வயது மாணவர் லினக்ஸ் கருவை எழுதி வெளியிட்டார். இவ்விரண்டும் சேர்ந்ததே இன்று நாம் லினக்ஸ் என்று சுருக்கமாக அழைக்கும் அமைப்பு.

இந்த வரலாற்றில் நம் மாவட்டத்திற்கும் ஓர் இடமுண்டு. விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு 2013இல் தொடங்கப்பட்டது. தன்னார்வத் தொண்டர்கள் கூடி, நாட்டுப்புற மாணவ மாணவியர்க்குக் கட்டற்ற மென்பொருளைக் கட்டணமின்றிக் கற்பிக்கும் குழு இது. கணிப்பொறிக் கல்விக்குச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போயாக வேண்டும் என்னும் எண்ணத்தை இம்முயற்சி மாற்றியது.

2011ஆம் ஆண்டு முதல் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்க்குத் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி வழங்கியதை அறிவோம். அவற்றில் இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இடம்பெற்றிருந்தது. அக்காமார் படித்து முடித்தபின் அலமாரியில் உறங்கும் அத்தகைய பழைய மடிக்கணினிகள் நம் வீடுகளில் இன்னும் இருக்கின்றன. எடை குறைந்த லினக்ஸ் ஒன்றை நிறுவினால் சி நிரல் எழுதிப் பழக அவை போதும். பெற்றோர்க்குப் புதுச் செலவு ஒன்றுமில்லை.

ஒரு நிரலை எடுத்துக்கொள்வோம்

விளக்கத்திற்காக ஒரு சிறு நிரலைக் கருதுவோம். நிலத்தின் பரப்பைச் சென்ட் கணக்கில் அது கேட்க வேண்டும். நிலம் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் எத்தனை அடி என்று சொல்ல வேண்டும். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. ஆகவே சென்ட்டை 435.6ஆல் பெருக்கி, வர்க்கமூலம் காண வேண்டும். நிரலின் பெயர் ‘நிலம்.சி’ என்க. கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் அச்சிட்டுள்ளோம். கணிப்பொறியில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்ட வேண்டும்.

டெர்மினல் என்னும் முனையத்தைத் திறந்து, ‘ஜிசிசி நிலம்.சி -ஓ நிலம்’ என்று கொடுக்கிறோம். ‘நிலம்.சி என்னும் நிரலைப் பெயர்த்து, நிலம் என்ற பெயரில் தா’ என்பது இதன் பொருள். இனி, வரக்கூடிய பிழைகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதற்பிழை: கம்பைலரே இல்லாமை

‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ என்று வந்தால், நம் நிரலை எவரும் இன்னும் தொடவே இல்லை என்று பொருள். ஜி.சி.சி. அந்தக் கணிப்பொறியில் நிறுவப்படவில்லை. உபுண்டு, டெபியன் வகை லினக்ஸ்களில் முதலில் ‘சூடோ ஆப்ட் அப்டேட்’ என்றும், பின்னர் ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பில்ட்-எசென்ஷியல்’ என்றும் கொடுத்தால் கம்பைலரும் அதன் துணைக்கருவிகளும் ஒருசேர வந்துவிடும். சூடோ என்பது நிர்வாகியின் அதிகாரத்தோடு செய் என்னும் கட்டளை, கடவுச்சொல் கேட்கும். நாம் தட்டும் கடவுச்சொல் திரையில் புள்ளியாகக்கூடத் தெரியாமற் போகலாம். விசைப்பலகை கெட்டுவிட்டது என்று அஞ்ச வேண்டாம். முழுவதும் தட்டி என்டர் விசையை அழுத்தினால் போதும்.

இரண்டாம் பிழை: ஒரே சொல், இரு நோய்

‘நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி’ என்பது அடிக்கடி வரும் செய்தி. அப்படி ஒரு கோப்பு இல்லை என்பது பொருள். எந்தக் கோப்பு இல்லை என்று அதே வரியில் எழுதியிருக்கும். அதைப் படிக்க வேண்டும்.

‘நிலம்.சி’ இல்லை என்று கூறினால், நாம் வேறு கோப்புறையில் நின்றுகொண்டு அழைக்கிறோம் என்று அறியலாம். ‘பி.டபிள்யூ.டி.’ என்னும் கட்டளை நாம் நிற்கும் இடத்தைச் சொல்லும், ‘எல்.எஸ்.’ அங்குள்ள கோப்புகளைக் காட்டும், ‘சி.டி.’ வேறிடம் கொண்டு செல்லும். லினக்ஸில் ஆங்கிலப் பேரெழுத்தும் சிற்றெழுத்தும் வேறு வேறு என்பதையும் மறக்கலாகாது.

இல்லாதது தலைப்புக் கோப்பு என்று கூறினால் நோய் வேறு. நிரல் முதற்கட்டத்திலேயே நின்றுவிட்டது. ஒன்று, அதன் பெயரை எழுத்துப் பிழையோடு எழுதியிருப்போம். அல்லது, அந்த நூலகத்தின் வளர்ச்சித் தொகுப்பு நிறுவப்படவில்லை. அத்தொகுப்பின் பெயர் பெரும்பாலும் ‘-டெவ்’ என்று முடியும். காய்ச்சல் ஒன்றாகத் தோன்றினாலும் மருத்துவர் காரணத்தைத் தேடுவது போல, ஒரே செய்திக்கு இரு காரணங்கள் இருக்கக்கூடும் என்பதை இங்கே கற்கிறோம்.

மூன்றாம் பிழை: இலக்கணம்

அரைப்புள்ளி விடுபட்டாலும், அடைப்புக்குறியை மூடாவிட்டாலும் இரண்டாம் கட்டத்தில் நிரல் நிற்கும். பிழைச் செய்தியில் கோப்பின் பெயர், வரி எண், அவ்வரியில் எத்தனையாவது இடம், பிழையின் தன்மை ஆகியவை முறையே வரும். அஞ்சல் முகவரி போன்றதே இது. அந்த வரியில் பிழை கண்ணில் படாவிட்டால் அதற்கு முந்திய வரியைப் பார்க்க வேண்டும். முன்வரியின் இறுதியில் விட்ட அரைப்புள்ளியைப் பின்வரிக்கு வந்தபின்னரே கம்பைலர் உணரக்கூடும்.

இங்கே ஒரு பொன்விதி உண்டு. இருபது பிழைகள் வந்தாலும் முதற்பிழையை மட்டும் திருத்தி, மீண்டும் பெயர்க்க வேண்டும். மேலே ஒரு பொத்தானைத் தவறான காஜாவில் மாட்டினால் கீழுள்ள எல்லாப் பொத்தான்களும் இடம் மாறும் அல்லவா? முதலதைச் சரிசெய்தால் மற்றவையும் சரியாகும். ஒரு மூடா அடைப்புக்குறி இருபது பிழைகளைப் பெறும். திருத்த வேண்டியது ஒன்றே.

நான்காம் பிழை: இணைப்பு

இலக்கணம் சரி, தலைப்புக் கோப்பும் சரி. ஆயினும் ‘அன்டிஃபைண்ட் ரெஃபரன்ஸ்’ என்று வர்க்கமூலச் சார்பின் பெயரைச் சொல்லி நிரல் நிற்கும். புதிதாகக் கற்போரை மிகவும் கலங்கச் செய்யும் பிழை இது. தலைப்புக் கோப்பு என்பது மளிகைச் சீட்டு. நூலகம் என்பது மளிகைச் சாமான். சீட்டில் புளி என்று எழுதியிருப்பதால் மட்டும் குழம்பில் புளிப்பு ஏறாது. வர்க்கமூலம் என்று ஒன்று உண்டு என்பதைக் கணிதத் தலைப்புக் கோப்பு கம்பைலருக்குச் சொல்லிவிட்டது. ஆனால் வர்க்கமூலம் காணும் எந்திர மொழிப் பகுதி கணித நூலகத்தில் இருக்கிறது. அதை இணைக்கும்படி நாம் சொல்ல வேண்டும்.

இதற்கு மருந்து இரண்டே எழுத்துகள். கட்டளையின் இறுதியில் ‘-எல்எம்’ என்று சேர்த்து, ‘ஜிசிசி நிலம்.சி -ஓ நிலம் -எல்எம்’ என்று கொடுத்தால் இணைப்பு நிறைவேறும். இதனை நிரலின் பெயருக்குப் பின்னரே எழுத வேண்டும். முன்னே எழுதினால் சில அமைப்புகளில் பயன் தராது. எது தேவை என்று தெரிந்த பின்னரே லிங்கர் நூலகத்தில் தேடும்.

ஐந்தாம் பிழை: ஓட மறுத்தல்

பெயர்ப்பு முடிந்தது. ‘நிலம்’ என்று தட்டினால் மறுபடியும் ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’! லினக்ஸ் தனக்குக் குறித்துக் கொடுக்கப்பட்ட சில கோப்புறைகளில் மட்டுமே கட்டளைகளைத் தேடும். நாம் நிற்கும் கோப்புறை வழக்கமாக அப்பட்டியலில் இராது. இது பாதுகாப்பிற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு. எனவே பெயருக்கு முன் ஒரு புள்ளியும் சாய்கோடும் இட்டு, ‘./நிலம்’ என்று அழைக்க வேண்டும். ‘இங்கேயே உள்ள நிலம்’ என்பது அதன் பொருள்.

சிலவேளை ‘பெர்மிஷன் டினைட்’ என்று வரும். பள்ளியிலிருந்து வீட்டிற்குப் பென் டிரைவில் கொண்டுசெல்லும் மாணவியர் இதனை அறிதல் நன்று. பல பென் டிரைவ்களில் உள்ள ஃபேட் வகைக் கோப்பு முறைமையில் லினக்ஸின் இயக்க அனுமதியைக் குறித்து வைக்க இடமில்லை. ஆகவே அதன்மேல் வைத்தே நிரலை இயக்க முயன்றால் உபுண்டு போன்றவை மறுக்கும். கோப்பைக் கணிப்பொறியின் சொந்தக் கோப்புறைக்குப் படியெடுத்து, அங்கே மீண்டும் பெயர்த்தால் நிரல் ஓடும்.

பிழையில்லாத பிழை

எல்லாம் சரியாக நடந்து, விடை மட்டும் தவறாக வருவதும் உண்டு. தசம எண்ணுக்கான மாறியை ஓர் இனமாக அறிவித்துவிட்டு, வேறோர் இனத்திற்குரிய குறியால் எண்ணை வாங்கினால், கம்பைலர் எச்சரிக்கை மட்டும் தந்துவிட்டு நிரலை ஆக்கித் தரும். விடையோ பொருளற்றதாக இருக்கும். கட்டளையில் ‘-வால்’ என்று, முதலெழுத்தை மட்டும் பேரெழுத்தாக இட்டுச் சேர்த்தால் முக்கியமான எச்சரிக்கைகள் பலவும் தெரியவரும். எச்சரிக்கையைப் புறக்கணித்தல் ஆகாது.

இதைவிடச் சிறந்த பாதுகாப்பு, விடை தெரிந்த கணக்கைக் கொடுத்துப் பார்ப்பது. 25 சென்ட் என்பது 10,890 சதுர அடி. பக்கம் ஏறத்தாழ 104.36 அடி. நூறு சென்ட் கொண்ட ஓர் ஏக்கருக்கு 208.71 அடி. இவ்விரண்டும் சரியாக வந்தால் நிரலை நம்பலாம். நிலக் கணக்கில் தவறினால் வேலிக்கம்பி வாங்கும் தந்தைக்கல்லவா நட்டம்?

பிறர் எழுதிய மென்பொருள்

பிறர் எழுதிய மூலநிரலைப் பெயர்க்கும்போது, ‘ரீட்மீ’, ‘இன்ஸ்டால்’ என்ற பெயருள்ள கோப்புகளை முதலில் படிக்க வேண்டும். பல மென்பொருள்களில் ‘./கான்ஃபிகர்’, ‘மேக்’, ‘சூடோ மேக் இன்ஸ்டால்’ என மூன்று படிகள் இருக்கும். முதற்படி, வேண்டிய பொருள்கள் யாவும் உள்ளனவா என்று சரிபார்க்கும். அது தடைப்பட்டால் அங்கேயே நின்று, இல்லாததை நிறுவிவிட்டுத்தான் மேலே செல்ல வேண்டும். தடையைப் பொருட்படுத்தாமல் ‘மேக்’ கொடுத்தால், ‘மேக்ஃபைல் இல்லை’ என்ற புதுப் பிழை முளைத்து உண்மையான காரணத்தை மறைத்துவிடும்.

நூலகம் இருந்தும் அதன் பதிப்பு பழையதாக இருத்தல் மற்றொரு காரணம். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த மல்லாட்டை இரகங்களுக்கு டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்று எண்ணிட்டுப் பெயர் வைத்திருக்கிறார்கள் அல்லவா? டி.எம்.வி. என்பது திண்டிவனத்தையே குறிக்கும். எண் மாறினால் இரகம் மாறும். மென்பொருளிலும் பதிப்பெண் மாறினால் குணம் மாறும். கேட்ட எண்ணையே கொடுக்க வேண்டும்.

இன்னொன்று: நாம் வேண்டும் மென்பொருள் ‘ஆப்ட்’ வழியாக ஆயத்தமாகவே கிடைக்கிறதா என்று முதலில் பார்ப்பது அறிவுடைமை. அறியாத இடத்திலிருந்து வந்த நிரலுக்குச் சூடோ அதிகாரம் கொடுத்தல் வீட்டுச் சாவியை வழிப்போக்கரிடம் கொடுப்பதை ஒக்கும்.

வழிகாட்டிய இரு பெண்மணிகள்

இத்துறையில் முன்சென்றவர்களுள் பெண்கள் உண்டு. அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றிய கிரேஸ் ஹாப்பர் அம்மையார் 1952இல் ஏ-0 என்னும் பெயர்ப்பு நிரலை உருவாக்கினார். கம்பைலர் என்ற சொல் கணிப்பொறித் துறையில் அவர் வழியாகவே வழக்குப் பெற்றது. அதற்கு முன், 1947 செப்டம்பர் 9ஆம் நாள், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் அவர் பணிபுரிந்த மார்க் 2 கணிப்பொறியின் ரிலே ஒன்றில் ஓர் அந்துப்பூச்சி சிக்கியிருந்தது. பணியாளர்கள் அதை எடுத்துப் பிற்பகல் 3.45 என்று நேரமும் குறித்து நாட்குறிப்பில் ஒட்டி வைத்தார்கள். பிழைக்குப் ‘பக்’ என்று பெயரிடும் வழக்கம் அதற்கு முன்பே உண்டு. ஆயினும் உண்மையான பூச்சியே அகப்பட்டது அன்றுதான். அந்த ஏடு அமெரிக்க ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளது.

மற்றொருவர் அருட்சகோதரி மேரி கென்னத் கெல்லர். கன்னியர் சபையைச் சேர்ந்த இவர் 1965இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கணிப்பொறி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் இத்துறையில் அப்பட்டம் பெற்ற முதல் பெண்மணி இவரே. அப்போது அவருக்கு ஐம்பது வயது கடந்திருந்தது. பின்னர் ஐயோவா மாநிலத்தின் கிளார்க் கல்லூரியில் கணிப்பொறித் துறையை நிறுவி, ஏறத்தாழ இருபதாண்டுகள் அதனை நடத்தி, 1985இல் இறைவனடி சேர்ந்தார். ஐம்பது வயதில் ஓர் அருட்சகோதரி கற்றுத் தேர்ந்ததைப் பதினைந்து வயதில் நாம் தொடங்கத் தயங்கலாமா?

நினைவிற்கொள்ள வேண்டியவை

1. பிழைச் செய்தியை முழுவதும் படிக்க வேண்டும். தெரியாத ஆங்கிலச் சொல்லுக்கு அகராதி பார்க்க வேண்டும்.
2. எந்தக் கட்டத்தில் நின்றது என்று முதலில் கண்டறிய வேண்டும்.
3. முதற்பிழையை மட்டும் திருத்தி மீண்டும் பெயர்க்க வேண்டும்.
4. ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே செய்ய வேண்டும். மூன்றை மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது.
5. பிறரிடம் உதவி கேட்கும்போது, “ஓடவில்லை” என்று மட்டும் சொல்லாமல், கொடுத்த கட்டளையையும் வந்த செய்தியையும் அப்படியே எழுதிக் காட்ட வேண்டும்.
6. பிழை, காரணம், தீர்வு ஆகிய மூன்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும்.

முடிவுரை

ஆறாவதாகக் கூறியதை எங்கள் வேண்டுகோளாகவும் முன்வைக்கிறோம். நம் கணிப்பொறி அறையில் ஒரு பொதுக் குறிப்பேடு இருக்கட்டும். பிழையைச் சந்திக்கும் ஒவ்வொரு மாணவியும் நாளிட்டு அதில் எழுதட்டும். அடுத்த ஆண்டு வரும் தங்கையர், தமக்கு வந்த பிழை தமக்கு முன்னே பத்துப் பேருக்கு வந்ததே என்று காண்பார்கள். தாம் மட்டும் அறிவிற் குறைந்தவர் என்று எண்ண மாட்டார்கள். ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் இவ்வளவு பெரிய ஆறுதலைத் தரக்கூடும்.

பெற்றோர்களிடம் ஒன்று விண்ணப்பிக்கிறோம். உங்கள் மகள் கணிப்பொறியின் முன் அமர்ந்து, ஒரு மணி நேரமாக ஒன்றும் நடவாததுபோல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால், “வீண் பொழுது” என்று எழுப்பிவிடாதீர்கள். அவள் வண்டி எந்த நிலையத்தில் நிற்கிறது என்று தேடிக்கொண்டிருக்கிறாள். இன்னும் சற்றுப் பொறுத்தால் கண்டுபிடித்துவிடுவாள்.